மலைக்குப் போகும் அக்காவின் சம்பளம்

கோபிசெட்டிபாளையம்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், எங்கு பார்த்தாலும் நடவு வேலை. உடம்பு பரவாயில்லை. உனக்கு உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு வேலை காரணமில்லை. நீ கேட்டிருந்ததை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்பா நினைவாக எங்கள் சபை பணி செய்யும் கடம்பூர் மலையில் ஒரு கம்ப்யூட்டர் அறை கட்டவேண்டும், நீயும் மெல்போர்னில் இருக்கிற மகனும் பாதிப் பாதி போடுகிறோம், சுவரில் அப்பா பெயரைப் பொறிக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் அப்பாவை எனக்கு மறக்குமா? பவானியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். தறியில் ஜமக்காளம் நெய்து காய்த்துப்போன கையில் ஒரு பெரிய பொரி மூட்டை. உனக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போனதே இல்லை. போர்டிங்கில் நம் வரிசையில் பாய் போட்டிருந்த அத்தனை பேருக்கும் அள்ளிப் போடுவார். அவர் பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்பதில் எனக்கு உன்னைவிட ஆசை.

முதலில் உன் மகனின் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நாங்கள் வாங்க முடியாது. நீ சார்ஜாவில் இருந்தாலும் உன் கையில் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. உன் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டுப் பணம் மாதிரிதான். உன் மகன் ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துவிட்டான். நம் பிள்ளையாகவே இருந்தாலும் சட்டப்படி அவன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும், எங்கள் சபை நிதிக்கு அது கிடையாது. அவன் உனக்கு அனுப்பி நீ எங்களுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். வேண்டாமப்பா. ஏழைகளுக்கென்று வருகிற காசு குறுக்கு வழியில் வரக்கூடாது. அந்தப் பதிவு உள்ள நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அவன் நேராகவே கொடுக்கலாம். அவன் மனசு நோகாதபடி நீ எடுத்துச் சொல்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஈரோட்டில் பிரப் ரோடு வழியாக எத்தனை தடவை நடந்திருப்போம்! அந்த மிஷனரி பிரப் துரையே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்தானே. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-இல், லண்டன் மேயர் திறந்த நிதியிலிருந்து நம் சீமைக்கும் கஞ்சிக்குப் பணம் வந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் சாப்பிட்ட சோறும் ஜெர்மனியில் யாரோ மாதாமாதம் அனுப்பிய பணம்தான். கிறிஸ்துமஸ் வந்தால் கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எல்லோரும் ஒரே கடிதத்தை எழுதுவோம், நினைவிருக்கிறதா? எனக்குப் பணம் அனுப்பிய அம்மாளின் முகம் எனக்குத் தெரியாது. நான் என்ன நினைத்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. உன் அப்பாவைப் பற்றியும் பொரியைப் பற்றியும் அவருக்கு எழுதியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பத்து வருஷம் அவர் நிறுத்தவே இல்லை. அதைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன்.

இப்படி ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று கொடுப்பதால் பலன் உண்டா என்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கொரியப் போரில் அநாதையான குழந்தைகளைப் பார்த்து 1952-இல் எவரெட் ஸ்வான்சன் என்ற போதகர் தொடங்கிய கம்பாஷன் அமைப்பின் பிள்ளைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தியா உட்பட 6 நாடுகளில் 10,144 பேரிடம் விசாரித்து, 2013-இல் வெளியிட்டார்கள். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருஷம் முதல் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் வரை கூடுதலாகப் படித்திருக்கிறார்கள். ஏழை வீட்டில் ஒரு வருஷப் படிப்பு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். எட்டாவதோடு மில்லுக்குப் போவதா, பத்தாவது எழுதுவதா என்பதே அந்த ஒரு வருஷத்தில்தான் முடிவாகிறது. அந்த அமைப்பு 2017-இல் இந்தியாவைவிட்டுப் போனபோது ஏறத்தாழ 1.45 லட்சம் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்த உதவி நின்றுபோனது. அவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு வருஷத்தை இழந்தார்களோ என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

எங்களுக்கு இடி 2020 செப்டம்பரில் விழுந்தது. கடம்பூர் மலைப் பணிக்கு அதுவரை சென்னையில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம் வழியாகத்தான் பணம் வந்தது. அவர்கள் வெளிநாட்டில் வாங்கி எங்களைப் போன்ற சின்னவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த மாதம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவர் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவருக்கு மாற்றவே கூடாது என்று ஆகிவிட்டது. அலுவலகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த உச்சவரம்பு 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்கவேண்டும். தவறு செய்தவர்களும் இருந்தார்கள், கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் கையிலிருந்து மலையில் இருக்கும் பிள்ளை வரைக்கும் இருந்த சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துபோனது.

மலைக்குப் போகும் அக்காவைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். நர்ஸ் வேலை பார்த்தவர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போய், கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் பார்ப்பார், தேவைப்பட்டால் சத்தியமங்கலத்துக்குக் கூட்டிவருவார். சாயங்காலம் திண்ணையில் பாடம். குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டவும் சூளைக்கும் கீழே இறங்கும் மாதங்களில் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைப்பதுதான் பெரிய பாடு. ஆரம்பத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் "மதம் மாத்த வந்தீங்களாம்மிணி?" என்று நேராகவே கேட்டாராம். கேட்டது நியாயம். சோற்றுக்கும் மருந்துக்கும் விசுவாசத்தை விலையாகக் கேட்டால் அது உதவியே இல்லை என்பதுதான் எங்கள் கமிட்டியின் முடிவு. அக்கா அதில் என்னைவிடக் கண்டிப்பு. இப்போது அந்தப் பெரியவர்தான் யானை இறங்கினால் அக்காவுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்புகிறார்.

சங்கிலி அறுந்ததும் அக்காவுக்குச் சம்பளம் போடக் காசில்லை. கொரோனா நேரம் வேறு. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அக்கா தோட்டை அடகு வைத்து பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் செலவு செய்திருக்கிறார். பொருளாளர் நான். அவர் காது வெறுமையாக இருந்ததை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது.

அப்புறம் ஊர் ஊராகப் போய்க் கேட்டோம். ஈரோடு, கோவை, தாராபுரம் என்று ஒன்று விடவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. அரிசி மூட்டைக்குக் கேட்டால் உடனே தருகிறார்கள். தையல் மெஷின், கம்பளி, சைக்கிள் என்றால் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். படம் எடுத்து அனுப்பலாம், பெயர் எழுதலாம். சம்பளம் என்றால் வாய் மூடிக்கொள்கிறது. "ஊழியத்துக்குச் சம்பளமா?" என்று கேட்டவரும் உண்டு. மலையில் ஏற்கனவே ஒருவர் வாங்கித் தந்த இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, நண்பா. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் உறை போட்டபடியே கிடக்கிறது.

கடைசியில் எங்களைத் தாங்கியது நம் சபையின் பெண்கள்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மறுபடியும் பிடியரிசி ஆரம்பித்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பது, மாதக் கடைசியில் கொண்டுவந்து விற்பது. மிசோரத்துச் சபைகள் 1910 முதல் இப்படியே பெரிய ஊழியங்களை நடத்துகின்றன. சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா வாரம் இருபது ரூபாய் தருகிறார், ஒரு வாரமும் தவறியதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மஞ்சளும் வாழைத்தாரும் நல்ல விலைக்குப் போயின, அதுவும் இதற்கே. கோவையில் சிலர் வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீதுக்காகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புது வரி முறைக்கு மாறியபின் ரசீதால் அவர்களுக்குப் பிரயோஜனமில்லை, ஆனாலும் ஒருவரும் நிறுத்தவில்லை.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்த கதையை இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். மிகவும் வறுமையில் இருந்த மக்கெதோனியா சபைகள் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டன. வசதியான கொரிந்து சபை ஒரு வருஷம் முன்பே வாக்குக் கொடுத்தும் முடிக்காமல் வைத்திருந்தது. பவுல் தனியாகப் பணத்தைத் தொடவில்லை, யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று தீத்துவோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பினார். நாங்களும் ஒவ்வொரு வவுச்சரிலும் இரண்டு கையெழுத்து வைக்கிறோம். கணக்கு எழுதும் பையனுக்கும் ஒரு சம்பளம் போடுகிறோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்றும் சொல்வார்கள், கணக்கனுக்குக் கொடுக்கவும் கூடாது என்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அதனால் கேட்கிறேன், நீ என்னைத் தப்பாக நினைக்கமாட்டாய். அறை வேண்டாம். கட்டப்போகும் உன் பங்குப் பணத்தை அறுபது மாதமாகப் பிரித்து அனுப்பு. அக்காவுக்குத் துணையாக, அந்த மலையிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இருக்கிறாள், அவளை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். உறைக்குள் கிடக்கும் கம்ப்யூட்டரையும் அவள் திறப்பாள். சுவரில் பெயர் வராது. ஆனால் அவள் வேலைக்குச் சேரும் நாளில் உன் அப்பாவைப் பற்றி நானே அவளுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை உனக்குக் கடிதம் எழுதச் சொல்லமாட்டோம். அவர்களாக எழுதினால் எழுதட்டும்.

மாதம் எவ்வளவு முடியும் என்று மட்டும் எழுது, குறைவாக இருந்தாலும் சரி, நடுவில் நிற்காமல் இருந்தால் போதும். டிசம்பரில் வருவாய் அல்லவா? ஒருநாள் அதிகாலையில் கடம்பூர் பஸ்ஸில் போய்வரலாம். அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதம் கட்டித் தருவதாக வீட்டில் இப்போதே சொல்லிவிட்டாள். பொரி மட்டும் நீ வாங்கிவா, பெரிய மூட்டையாக.

உன் பக்கத்துப் பாய்க்காரன்