ஸ்கேன் சீட்டில் இன்னும் நாலு வரி: நெல்லை, தென்காசி எலும்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

அணு மருத்துவப் பிரிவில் ஸ்கேன் எடுக்கிற வேலை எனக்கு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பனையிலிருந்து விழுந்தவர், நாலுவழிச் சாலையில் பைக்கோடு சரிந்தவர், சர்க்கரையால் பாதம் புண்ணானவர் என்று நீங்கள் அனுப்புகிறவர்கள் வருகிறார்கள். பிளேட் வைத்து எலும்பு கூடிய பிறகும் சிலருக்குப் புண் புரையோடிச் சீழ் கசிகிறது. மாத்திரை சாப்பிட்டால் மூடும், நிறுத்தினால் திறக்கும். வீட்டுப் பெண்கள் பீடி சுற்றிச் சேர்த்த காசு இதிலேயே கரைகிறது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் சீட்டில் பெரும்பாலும் ‘போன் ஸ்கேன்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை.

அந்த ஸ்கேனுக்கு ஊசியில் போடும் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து, புது எலும்பு உருவாகிற இடத்தில் போய்ச் சேரும். தொற்று இருந்தாலும் சேரும், முறிவு ஆறிக்கொண்டிருந்தாலும் சேரும். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்தும் அந்த இடம் பளிச்சென்று தெரியலாம். அதனால் அறிக்கையில் ‘தொற்றாகவும் இருக்கலாம்’ என்று எழுத வேண்டியதாகிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றால், உலோகத்தைச் சுற்றிப் படம் கலைந்துபோகிறது.

இந்தச் சிக்கலில்தான் ஸ்பெக்ட்-சி.டி. கைகொடுக்கிறது. ஒரே மேசையில், நோயாளி அசையாமல், மருந்து சேர்ந்த இடத்தைக் காட்டும் ஸ்பெக்ட், எலும்பின் வடிவத்தைக் காட்டும் சி.டி. என இரண்டு படங்களையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறோம். மருந்து சேர்ந்தது எலும்பிலா, மேல் சதையிலா, எந்த ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில், செத்த எலும்புத் துண்டு உள்ளே கிடக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெளிவாகும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், நோயாளியின் இரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்து, மருந்தேற்றித் திரும்பச் செலுத்தி, 4 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் பார்க்கலாம். நேரம் ஆக ஆக ஓரிடத்தில் கூடிக்கொண்டே போனால் அது தொற்றின் அடையாளம். பாதத்துக்கும் கால் எலும்புக்கும் இது நல்ல முறை.

முதுகெலும்புக்கு இந்த வெள்ளணு ஸ்கேனை எழுதிவிடாதீர்கள். அங்கே மஜ்ஜையே வெள்ளணுக்களை இழுத்துக்கொள்ளும். தொற்றுள்ள இடம் வெறுமையாகக்கூடத் தெரியும். எங்கள் ஸ்கேன்களில் அதற்கு, சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட்-சி.டி.தான் சரி. உலோகம் இருந்தால் அதிலும் போலி வெளிச்சம் வரும், சி.டி.யை வைத்துத் திருத்தம் செய்யாத படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம்தான். நோயாளி தாமதமாக வந்தால் மருந்தே வீணாகிவிடும்.

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்ரேயிலேயே செத்த எலும்பு பளிச்சென்று தெரிகிறவரை நேரே தியேட்டருக்குக் கொண்டுபோங்கள். அவர் காசு மிச்சம். எந்தக் கிருமி என்பதையும் ஸ்கேன் சொல்லாது. புரைவாயில் துடைத்தெடுத்த சீழை நம்பாமல், ஆழத்திலிருந்து எலும்பு எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவது உங்கள் கையில். எங்கிருந்து எடுப்பது என்று காட்ட எங்கள் படம் உதவும்.

நான் கேட்பது இதுதான். முறிவு எப்போது, தோலைக் கிழித்து வந்ததா, எத்தனை அறுவை, கடைசியாக எப்போது, உள்ளே என்ன உலோகம், புரை எந்த இடத்தில், கடைசி ஆண்டிபயாடிக் எது, எந்தத் தேதி வரை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எவ்வளவு என்று சீட்டில் எழுதுங்கள். பழைய எக்ஸ்ரே எல்லாம் வீட்டில் மஞ்சள் பையில்தான் இருக்கும், எடுத்துவரச் சொல்லுங்கள். வெள்ளணு ஸ்கேன் என்றால் மறுநாளும் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், சந்தேகம் இருந்தால் அனுப்பும் முன் எங்கள் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். எந்த ஸ்கேன் என்று நீங்கள் இருவரும் முதலிலேயே பேசி முடித்தால், சங்கரன்கோவிலிலிருந்து விடிகாலை பஸ் ஏறி வருகிறவர் இரண்டாவது ஸ்கேனுக்காக மறுபடியும் கடன் வாங்க வேண்டியிருக்காது.