இடைவேளைக்கு முன் காதல், பின் நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பெண்ணின் மீது வெறிகொண்டு அலையும் இளைஞனைப் பற்றி அண்மையில் திரைக்கு வந்த உளவியல் திகில் படத்தை, 'எதிர்பாராத திருப்பம்' என்று தங்கள் விமர்சகர் பாராட்டியிருந்ததை நம்பி, சென்ற ஞாயிறன்று காட்பாடியில் மாலைக் காட்சிக்குப் போய் வந்தேன். அந்தத் திருப்பம்தான் படத்தின் பெரிய கோளாறு.

இடைவேளை வரை நாயகன் நாள் தவறாமல் அவள் ஏறும் பேருந்திலேயே ஏறுகிறான். அவள் முகம் சுளித்தாலும், இடம் மாறி உட்கார்ந்தாலும், நடத்துநருக்கு அருகில் போய் நின்றுகொண்டாலும் விடுவதில்லை. இதற்கு ஒரு பாட்டு, உசுப்பேற்றிவிட ஒரு நண்பன். அரங்கில் விசில் பறந்தது. இடைவேளைக்குப் பின் அதே பையன் அதே வேலையைச் செய்யும்போது வயலின் அலறுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் மருத்துவர் ஒருவர் வந்து, வாயில் நுழையாத ஒரு நோயின் பெயரைச் சொல்லி எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்த்துவிடுகிறார். பையன் எங்கே மாறினான்? பின்னணி இசைதான் மாறியது.

ஒரு காட்சி மட்டும் மனத்தில் நின்றது. அவள் கிழித்தெறிந்த பயணச்சீட்டை அவன் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பழைய பாடநூலுக்குள் வைத்து, தேதி எழுதுகிறான். வசனம் இல்லை, சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரல் மட்டும் சமையலறையிலிருந்து வருகிறது. அந்த அரை நிமிடத்தில் இருந்த அச்சம் மீதிப் படத்தில் இல்லை. அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது என்று கேட்டிருந்தாலே நல்ல படம் கிடைத்திருக்கும். இயக்குநரோ அவரைப் பிறகு பிணமாகத்தான் காட்டுகிறார். 1991-இல் வந்த 'குணா' நாயகனின் மனநிலையை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டவில்லை என்பதை இவர்கள் யோசித்திருக்கலாம்.

நான் வசிப்பது பாகாயத்தில். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இங்கே இயங்கிவருகிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கு உண்டு. எங்கிருந்தோ வந்து, வளர்ந்த மகனின் கையைப் பிடித்தபடி பேருந்தை விட்டு இறங்கும் தாய்மாரை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளைகளின் நோய்ப் பெயரை, கதையின் ஓட்டையை அடைக்க ஒருவர் எடுத்துக்கொள்வது எனக்குக் கோபத்தையே தந்தது.

விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளை விடாமல் பின்தொடர்வது 2013-லேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. இப்போது அச்சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. படத்தில் அப்பெண் காவல் நிலையம் பக்கமே போவதில்லை. அவளுடைய அப்பா வீட்டை மாற்றுகிறார், அவ்வளவுதான்.

இத்தகைய படங்களைப் பற்றி இனி எழுதும்போது, முடிவை வெளியிட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் முதல் பாதியைக் 'கலகலப்பு' என்ற ஒரே சொல்லில் தங்கள் விமர்சகர் கடந்துவிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கலகலப்பின்போது எனக்கு முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண்கள் இருவர் ஒருமுறைகூடச் சிரித்ததாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாகாயம், வேலூர்