சீனர்களின் வீட்டுமொழியும் நம் தோட்டத் தமிழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "சீனர்களைப் பாருங்கள், அவர்கள் மொழியை விடவில்லை" என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் மறுபாதியையும் சொல்ல விரும்புகிறேன்.

1903இல் மெதடிஸ்ட் திருச்சபை வழியாகச் சித்தியவானில் வந்து குடியேறிய சீனர்களின் வீட்டுமொழி ஹொக்சியூ என்னும் கிளைமொழி; பள்ளிகளில் கற்பிக்கப்படும் பொதுச் சீனமான மாண்டரின் அன்று. சீனக் கிளைமொழிகளுக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒலிப்பு வேறு என்பதால், ஒரே குடும்பப் பெயர் ஹொக்கியன்காரருக்கு 'டான்', காண்டனீஸ்காரருக்கு 'சான்', இங்குள்ள ஹொக்சியூ குடும்பங்களுக்கு 'திங்' என்று அடையாள அட்டையில் பதிவாகியிருக்கும். பெயரைக் கேட்டே பூர்வீகத்தை ஊகித்துவிடலாம். பள்ளிக்குப் போனால் மூவரும் மாண்டரினில் 'சென்'.

பல கிளைமொழிக்காரர்களை ஒரே இனமாக உணரவைத்தது இந்த மாண்டரின் கல்விதான். அதற்காகப் போராடிய லிம் லியான் கியோக் 1961இல் குடியுரிமையையே இழந்தார். இன்றும் 60க்கும் மேற்பட்ட சீனத் தனியார் இடைநிலைப் பள்ளிகள் பெரிதும் சமூகத்தின் நன்கொடையால் நடக்கின்றன. நான் மனமார மதிக்கும் உழைப்பு அது. ஆனால் எங்கள் ஊரில் கொம்பியா என்னும் ஹொக்சியூ ரொட்டி சுட்டு விற்கும் மூதாட்டி ஒருவர், தாம் சொல்லும் பழங்கதைகள் பேரனுக்குப் பாதிகூடப் புரிவதில்லை என்று என்னிடம் மலாயில் சொல்லிக் கண்கலங்கினார். பேரன் சீனன் என்ற பெருமையோடுதான் வளர்கிறான். பாட்டியின் ஊர்க்காரனாக வளரவில்லை.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் தமிழ்தான். இருந்தும், பெரட்டு (காலை ஆள்கணக்கு), மங்கு (பால் வடியும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்), நிரை (மர வரிசை) என்று ரப்பர் தோட்டத்துச் சொற்களில் பாட்டி பேசினால் "அது தோட்டத்துப் பேச்சு" என்று பிள்ளைகள் முன்னாலேயே திருத்துகிறோம். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கற்பித்த நானும் அப்படித் திருத்தியவன்தான். அதற்காக இன்று வருந்துகிறேன். பாட்டியின் சொல் தாழ்ந்தது என்று கேட்டு வளரும் பிள்ளை, பாட்டியையும் அவர் மரம் சீவிய காலத்தையும் தாழ்வாகவே எண்ணும். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள் இடிபட்டு, ரப்பர் காடுகள் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களாகி, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில் அச்சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே, தங்கள் ஞாயிறு பதிப்பில் தோட்டத்து முதியவர்கள் தங்கள் பேச்சிலேயே தங்கள் வாழ்வைச் சொல்ல ஒரு பக்கம் ஒதுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டாரத்து முதியவர்களைச் சந்தித்து எழுதி அனுப்பும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
ஆயர் தாவார், பேராக்.