கிராம சபை அறிவிப்பு: வடிகால் வேலை, அக்டோபர் 26

அனைவருக்கும் வணக்கம். நம் மொரீஷியஸில் நவம்பரில் புயல் பருவம் தொடங்குகிறது. அதற்கு முன் வடிகால்களைத் தூர்வார, ஞாயிறு காலை 7 மணிக்கு கிராம மண்டபத்தின் முன் கூடுவோம்.

1. மண்வெட்டி, கையுறை, பூட்ஸ் கொண்டு வாருங்கள்.
2. கிளைகளை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிக் கட்டி வையுங்கள். வடிகால் ஓரத்தில் மட்டும் வேண்டாம். மழையில் இழுபட்டு மதகு வாயை அடைக்கும், தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும்.
3. தூர்வாரிய மண்ணையும் கரையில் குவிக்காதீர்கள். அடுத்த மழைக்கே உள்ளே சரிந்துவிடும்.
4. பழைய டயர்களில் தண்ணீர் தேங்கினால் கொசுதான், கவிழ்த்து வையுங்கள்.
5. பஸ் நிறுத்தத்தில் கார் நிறுத்த வேண்டாம். முதியவர்கள் நடுச்சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது.
6. வீடு, மாடி கட்டுவோர்: அனுமதி தருவது மாவட்ட சபை, நாங்கள் அல்ல. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள்.

வருவோர் வெள்ளி மாலைக்குள் இங்கே பெயர் எழுதுங்கள். தள்ளுவண்டி இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், போன முறை இரண்டுதான் இருந்தன.