ஏழு நாளில் ஐந்து காடு வேண்டாம்

நைரோபி,
அக்டோபர் 12

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய பயணத் திட்டமும் கிடைத்தன. ஓய்வு பெற்ற மறுமாதமே ஆப்பிரிக்கா வரக் கிளம்பிவிட்டாய் என்று என் வீட்டில் சொன்னதும், "அவங்களாவது ஊர் சுத்தட்டும், நீங்க கணக்கப் பாத்துக்கிட்டே இருங்க" என்று எனக்கு ஒரு குட்டு விழுந்தது. இங்கே எல்லாரும் சுகம். ஜகராந்தா மரங்கள் பூத்து, அலுவலகம் போகிற சாலை முழுக்க ஊதா நிறம். பிள்ளைக்கு வேலை மாற்றம் ஆகியிருக்கிறது, அது பெரிய கதை, நேரில் பேசிக்கொள்ளலாம். முதலில் உன் திட்டத்துக்கு வருகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. உன் ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருப்பது சஃபாரி இல்லை, பஸ் ரூட். ஏழு நாளில் கென்யாவின் அம்போசெலி, நகுரு, நைவாஷா, மசாய் மாரா, சாவோ என்று ஐந்து இடம். அம்போசெலியிலிருந்து மாராவுக்குப் போகவே ஒரு பகல் முழுதும் ஓடிவிடும். ஒவ்வொரு இடத்திலும் இரவு போய் இறங்கி, காலையில் பெட்டியைக் கட்டினால், நீ பார்க்கப் போவது விலங்கை இல்லை, முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தைத்தான். தங்கச்சிக்கு முட்டிவலி வேறு என்று எழுதியிருக்கிறாய். மண்பாதையில் வண்டி குலுங்குவதற்கு இங்கே ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆப்பிரிக்க மசாஜ்'. முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு வராது.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில் முதல் தடவை மாராவுக்குப் போனபோது ஒரு இரவுதான் தங்கினேன். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்று கையில் பட்டியல். இந்த ஐந்து பெரியவர்கள் என்ற பேச்சே பழைய வேட்டைக்காரர்கள் விட்டுப்போனது. காலால் நடந்து வேட்டையாட எவை ஆபத்தானவையோ அவைதான் அந்த ஐந்து. பார்ப்பதற்கு அழகு எது என்ற கணக்கே அதில் கிடையாது. சரி, அன்று காலையில் ஒரு சிவிங்கிப்புலி கரையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்து சுற்றிலும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பார்த்தோம். அது என் பட்டியலில் இல்லை. "சிறுத்தையைத் தேடலாம், கிளம்புங்கள்" என்று ஓட்டுநரை அவசரப்படுத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்தார். பக்கத்து வண்டியில் இருந்த வயதான தம்பதி நகரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அது இறங்கி, ஒரு சின்ன மானைத் துரத்திப் பிடித்ததை அவர்கள் முழுதாகப் பார்த்திருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டி அதை விவரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சிறுத்தையும் அகப்படவில்லை.

அதனால் என் யோசனை: மாராவில் நான்கு இரவு, நைவாஷாவில் இரண்டு, நைரோபியில் என் வீட்டில் ஒன்று. மற்றதை வெட்டிவிடு.

நகுருவை ஏன் வெட்டுகிறேன் என்று கேட்பாய். கூந்தன்குளத்தில் பூநாரை எண்ணியவன் நீ. ஏரி முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் படத்தைக் காட்டித்தான் ஏஜென்ட் உன்னைச் சாய்த்திருப்பார். அது பழைய படம். பத்துப் பதினைந்து வருடமாக நகுரு ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, உப்பும் பாசியும் நீர்த்துப்போய், பூநாரைகளில் பெரும்பகுதி வடக்கே போகோரியா ஏரிப் பக்கம் போய்விட்டன. காண்டாமிருகம் பார்க்க நகுரு இப்போதும் நல்ல இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அம்போசெலிதான் மனசைக் கொஞ்சம் உறுத்துகிறது. 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவைப் பின்னால் வைத்து யானைகள் நடந்து போகிற காட்சி அங்கேதான். ஆனால் பல நாட்களில் மலை விடியற்காலையில் கொஞ்ச நேரம் முகம் காட்டிவிட்டு மேகத்துக்குள் போய்விடும். ஒரு இரவு மட்டும் தங்கி அதை நம்புவது லாட்டரி. இன்னொரு தடவை வா.

அப்புறம், மாதம். ஏப்ரலில் தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுப்பார்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை இங்கே பெரிய மழை. மாராவின் கரிசல் மண் நம் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மாதிரிதான், நனைந்தால் சக்கரத்தை விடாது. புல் ஆள் உயரம் நிற்கும், உள்ளே சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது. சில முகாம்களை அந்த மாதங்களில் மூடியே விடுவார்கள். நீ பிப்ரவரியில் வா. வெயில், காய்ந்த பாதை, குட்டையான புல்.

டிவியில் பார்த்த அந்த ஆற்றைக் கடக்கிற காட்சிதான் வேண்டும் என்றால் கதை வேறு. வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான்கள் பத்து லட்சத்துக்கும் மேலே, கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரை, மழைக்குப் பின்னால் முளைக்கும் புல்லைத் தேடி வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிப்ரவரியில் அவை தான்சானியாவில், செரெங்கெட்டியின் தெற்கே கன்று ஈன்றுகொண்டிருக்கும். மாராவுக்கு வருவது ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. அப்போது வந்தாலும் கடப்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து நிற்கும், தண்ணீரை முகரும், திரும்பிப் போய்விடும். நான் ஒரு செப்டம்பரில் ஐந்து மணி நேரம் வண்டிக்குள் காத்திருந்து, கடைசியில் ஒரு வரிக்குதிரை மிரண்டு ஓட, மொத்தக் கூட்டமும் அதோடு ஓடியதைத்தான் பார்த்தேன்.

பணக் கணக்கையும் பார். மாராவுக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு இப்போது ஜனவரி முதல் ஜூன் வரை தலைக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். உங்கள் இரண்டு பேருக்கு நான்கு நாளைக்கு 800-க்கும் 1,600-க்கும் உள்ள வித்தியாசம் இது. ஏஜென்ட் சொன்ன தொகையில் இந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேள். "எல்லாம் சேர்த்துதான் சார்" என்று வாயால் சொல்வதை நம்பாதே. தங்கும் இடம் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா, வண்டி உங்களுக்கு மட்டுமா இல்லை பங்கா, கூரை தூக்குகிற லேண்ட் குரூசரா இல்லை வேனா, இதையும் கேட்டுவிடு. எங்கே காசை மிச்சப்படுத்தினாலும் வண்டியில் மட்டும் மிச்சப்படுத்தாதே. முட்டிவலிக்காரிக்கு லேண்ட் குரூசர்தான். நைரோபியிலிருந்து நரோக் வழியாக மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். முடியாது என்றால் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம் இருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அதில் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. அதுவும் மடங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும். உன் மருமகன் வாங்கிக் கொடுத்த உருட்டுப் பெட்டியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

இப்போது ஊசி. இதை மறந்தால் மற்ற எல்லாமே வீண். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை நீ இங்கே வரும்போது பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். திரும்ப இந்தியாவில் இறங்கும்போதுதான் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாகப் பிடித்து வைத்துவிடலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆகவே கிளம்பும் வாரத்தில் போய் நிற்காதே. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், நாளும் நேரமும் விசாரித்துவிட்டுப் போ. ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை, முட்டை ஒவ்வாமை இருப்பவர்களுக்கும் அப்படித்தான். நீ உன் சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்த்துவிட்டே போ. மலேரியா மாத்திரையையும் அவரிடமே கேள். நைரோபி 1,700 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே கொசுத்தொல்லை குறைவு, மாரா பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. மாத்திரையைப் பொறுத்து, ஊர் திரும்பிய பிறகும் சில நாட்களோ சில வாரங்களோ சாப்பிட வேண்டியிருக்கும். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

விசா என்று இப்போது கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் முன்அனுமதி வாங்கினால் போதும். அரசாங்கத் தளத்திலேயே நீயாகச் செய்துவிடலாம், அதே மாதிரி முகத்தோடு கூடுதல் காசு பிடுங்கும் தளங்களும் உண்டு, ஜாக்கிரதை. டாலர் கொண்டுவந்தால் புது நோட்டாகக் கொண்டுவா. 2009-க்கு முந்தைய நோட்டையும், கிழிந்தது, கிறுக்கியதையும் வாங்க மாட்டார்கள். மற்றபடி இங்கே காய்கறிக்காரி வரை எம்பெசாதான். 2007-லேயே ஃபோனில் காசு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர் ஜிபேக்கு அண்ணன். ஓட்டுநருக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது டாலர் கடைசி நாளில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மூன்று பின் சதுரச் சொருகி ஒன்று வாங்கி வா, நம் ஊர் உருண்டைப் பின் இங்கே நுழையாது.

உடுப்பு விஷயத்தில் தங்கச்சி ஏமாந்துவிடக் கூடாது. ஆப்பிரிக்கா என்றால் கொதிக்கும் என்று நினைத்துப் பருத்திப் புடவையோடு வந்தால், காலை ஆறு மணிக்குத் திறந்த கூரை வண்டியில் பல் கிட்டித்துப்போகும். ஸ்வெட்டர், குல்லா, கழுத்துக்கு ஒரு துண்டு. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், சில காடுகளில் செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். பட்டாளத்துப் புள்ளி உடுப்பையும் தொடாதே, போலீஸ் வம்பு. உன் பழைய தொலைநோக்கியை மறக்காமல் எடுத்துக்கொள். அது இல்லாமல் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நம் பனங்காடையின் சொந்தக்காரன் ஒருவன் மாராவில் ஒவ்வொரு முள்மரத்திலும் உட்கார்ந்திருப்பான், நெஞ்சு முழுக்க இளஊதா. ஓட்டுநரிடம் முதல் நாளே, "எனக்குப் பறவைக்கும் வண்டியை நிறுத்து" என்று சொல்லிவிடு. சொல்லாவிட்டால் சிங்கத்துக்கு மட்டும்தான் நிறுத்துவார்.

இன்னொன்றும் அவரிடம் சொல். ரேடியோவில் "சிறுத்தை" என்று காதில் விழுந்தால் எல்லா வண்டியும் பறக்கும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல பயணிகள் இருந்தால்தான் ஓட்டுநரால் அதைக் காப்பாற்ற முடியும். கிட்டே போகாவிட்டால் இனாம் குறையுமோ என்பது அவர் பயம். அந்தப் பயத்தை நீ போக்கிவிட்டால் அவரே உனக்கு நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துவார்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தங்கச்சியின் செவ்வாய் வெள்ளி விரதத்துக்கும் வழி உண்டு. குஜராத்திகள் நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே இருப்பதால் சப்பாத்தியும் சமோசாவும் கென்யச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. 'சுகுமா விக்கி' என்று ஒரு கீரைப் பொரியல், 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். சம்பளம் தீர்ந்த வாரக் கடைசியில் அதுதான் சோறு. எனக்கு அந்தப் பெயரே ரொம்பப் பிடிக்கும். முறுக்கு, அதிரசம் கொண்டுவந்தால் கூடாரத்துக்குள் திறந்து வைக்காதே. குரங்கு ஜிப்பைத் திறக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

நைவாஷாவில் வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம், அதற்காகத்தான் அதைச் சேர்த்தேன். அங்குள்ள ஏரியின் கிரசென்ட் தீவில் வேட்டையாடுகிற விலங்கு இல்லாததால் ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்திலேயே காலாற நடக்கலாம். இரவில் மட்டும் விடுதியின் காவலாளி இல்லாமல் புல்வெளியில் இறங்காதே, நீர்யானை மேய வரும்.

நேரம் பற்றி ஒரு வேடிக்கை. சுவாஹிலியில் பொழுது விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுவார்கள், நம் பாட்டன் நாழிகை எண்ணிய மாதிரி. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. வந்த புதிதில் குழாய் ரிப்பேர்க்காரர் 'சா டாட்டு' என்றார். மூன்று மணி என்று அகராதி பார்த்து, அலுவலகத்திலிருந்து மத்தியானம் ஓடி வந்தேன். மனுஷன் காலை ஒன்பதுக்கே வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பிப்ரவரித் தேதியை முடிவு செய்ததும் எழுது, நான் லீவு சொல்ல வேண்டும். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ. பாலித்தீன் பையில் கட்டிவிடாதே, இங்கே 2017-லிருந்து தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். ஓலைப் பெட்டியில் போட்டு வாங்கி வா.

அன்புடன்,
சேகரன்