அம்மாவுக்கும் ஒரு அரியர்

டிரெஸ்டன்
மார்ச் 27, 2025

அன்புள்ள ராசாவுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே. ஏழாம் வகுப்பு வரை உன் நோட்டுக்கெல்லாம் லேபிள் எழுதியது யார்?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இங்கே ரிசல்ட் வந்தது. நாலு பேப்பர் எழுதினேன், மூன்றில் தேறிவிட்டேன். கன்டினியூவம் மெக்கானிக்ஸில் 5.0. அப்பா பார்த்தால் "அஞ்சா? பரவாயில்லையே" என்பார். ஜெர்மனியில் மார்க் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் பெயில். உன் பாஷையில் சொன்னால் அம்மாவுக்கு ஒரு அரியர் விழுந்திருக்கிறது.

பிப்ரவரியில் உனக்கு டிபிடிஇ கணக்குப் பேப்பரில் அரியர் என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் போனில் உன்னை என்ன பாடுபடுத்தினேன் என்று இருவருக்குமே ஞாபகம் இருக்கும். "பதினோரு லட்சத்தை பேங்கில் போட்டு முடக்கிவிட்டு நான் இங்கே குளிரில் கிடக்கிறேன், உனக்கு ஒரு பேப்பர் பாஸ் பண்ண முடியவில்லையா?" என்று கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை. நான் அந்தப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த நாலாம் நாள் அது. தேறமாட்டேன் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த எரிச்சலையும் சேர்த்து உன் தலையில் கொட்டினேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மன்னிப்பு என்ற வார்த்தை உன்னிடம் எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது. கையிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஆறு மாதமாக உன்னிடம் டிராம், ஆறு, பனி என்றுதான் பேசியிருக்கிறேன். வகுப்பைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வகுப்பு காலை 7.30 மணிக்கு. பேராசிரியர் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அறுபது பேர் உட்கார்ந்திருக்க நான் ஒருத்தி மட்டும் நிற்கிறேன். அவர் எனக்கு ஏதோ சந்தேகம் என்று நினைத்து, "சொல்லுங்கள்" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்து மேசை மேல் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். தொண்ணூறு நிமிடம். முடிந்ததும் மொத்த வகுப்பும் முஷ்டியால் மேசையைத் தட்டியது. பத்தொன்பது வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவளுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான், நான் போர்டு பக்கம் திரும்பிவிட்டேன், கடைசி பெஞ்ச் வேலையைக் காட்டுகிறது. "யாருல அது?" என்று தொண்டை வரை வந்துவிட்டது. இங்கே அதுதான் கைத்தட்டலாம்.

அப்புறம் இந்த நீ, நீங்கள் விவகாரம். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போலவே இரண்டும் உண்டு. 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். கடையிலும் ஆபீஸிலும் எனக்கு ஸீ கிடைக்கும். விடுதியில் எல்லாரும் மாணவர்கள், அதனால் எல்லாருக்கும் எல்லாரும் டூ. எங்கள் அடுக்களையை ஐந்து பேர் சேர்ந்து புழங்குகிறோம். அதில் ஒரு பையனுக்கு 23 வயது, அவன் அம்மா என்னைவிட இரண்டு வயது இளையவள். முதல் வாரமே வந்து, "நீ முட்டை ஓட்டைத் தப்பான குப்பை வாளியில் போட்டிருக்கிறாய்" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் காது சுட்டது. பிரின்சிபால்கூட என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். அந்த மேடத்தைச் சென்னை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது அவனும் நானும் நல்ல சேக்காளி. இட்லிப் பொடியை ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன் மேல் தூவிச் சாப்பிடுகிறான். ஆச்சியிடம் சொல், சிரிப்பாள்.

நம் ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், சேலத்துக்காரன். முதலில் ஆன்ட்டி என்றான். அக்கா என்று சொல்லுடா என்றேன். அவன்தான் எனக்கு பைத்தான் சொல்லித் தருகிறான். நான் கடைசியாக புரோகிராம் எழுதியது 1998-ல், ஃபோர்ட்ரானில். கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம். இங்கே ஹோம்வொர்க் என்று ஒரு உத்தரத்தை மூவாயிரம் துண்டாக வெட்டிக் கணக்குப் போடச் சொல்கிறார்கள். கையால் போடுகிற கணக்கில் நான் அவர்களைவிட வேகம். ஆனால் கையால் போடும் கணக்கை இங்கே யாரும் கேட்பதில்லை.

வயது பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொன்று. இங்கே மாணவர்களுக்கு மலிவான அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, முப்பது வயது வரைக்கும். கவுன்டரில் இருந்த பெண் என் பிறந்த வருஷத்தை இரண்டு தடவை வாசித்தாள். நானே "ஆமாம், எண்பதுதான்" என்றேன். தனியார் காப்பீடுதான் எடுக்க வேண்டியிருந்தது. கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு 300 யூரோ ஒட்டி ஒரு தொகை கட்டினால் சரி. டிராமும் அதிலேயே அடங்கும். ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டும். அதைத்தான் பதினோரு லட்சம் என்று உன்னிடம் கத்தினேன். மாதம் 992 யூரோ வீதம் அவிழ்த்து விடுகிறார்கள். நம் நகையை அடகு வைத்த பணத்தையே நமக்கு மாதச் சம்பளம் போலத் தருகிறார்கள். ஒன்றாம் தேதி வந்துவிட்டால் எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்கூட உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீ ஒரு தடவை கேட்டாய். பாலிடெக்னிக்கில் சிவிலுக்குப் பிள்ளைகள் சேருவது குறைந்து சம்பளம் பாதியானது உனக்குத் தெரிந்ததுதான். 2001-ல் பி.இ. முடித்ததுமே மேலே படிக்க ஆசைப்பட்டேன், கல்யாணம் ஆகிவிட்டது. அதுவும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், 2024 செப்டம்பர் 11 விடியக் காலையில், எல்பே ஆற்றின் மேல் இருந்த கரோலா பாலத்தில் ஒரு பகுதி இடிந்து ஆற்றுக்குள் விழுந்தது. டிராம் ஓடுகிற பகுதி, ஏறத்தாழ நூறு மீட்டர். கடைசி டிராம் சில நிமிடங்களுக்கு முன்புதான் கடந்திருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியைப் பிரித்த மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். கரையில் கம்பி வேலி போட்டிருந்தார்கள். தண்டவாளம் வளைந்து அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. ஊர்க்காரர்கள் துஷ்டி வீட்டு வாசலில் நிற்பதுபோலப் பேசாமல் நின்றார்கள்.

அது பிரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட் பாலம். 1967-ல் தொடங்கி 1971-ல் முடித்தது. உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளில் கட்டும்போதே ஈரம் பட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கிறது. அது ஐம்பது வருஷம் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்துப் பகுதிகளைப் பழுது பார்த்து முடித்துவிட்டார்கள். விழுந்த பகுதிக்கு இந்த வருஷம்தான் முறை வைத்திருந்தார்கள்.

நான் பத்தொன்பது வருஷம் பிரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட்டை போர்டில் வரைந்திருக்கிறேன். ஒரு செவ்வகம், அதற்குள் தொய்ந்த மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் 'நன்மை தீமைகள், ஏதேனும் ஐந்து'. ஒரு பையன் எழுந்து "மேடம், கம்பி எப்படி அறும்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அந்த வேலி ஓரத்தில் நின்று யோசித்தேன். "துருப்பிடித்து" என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார வைத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயமாகவும் இருந்தது, வந்தது சரிதான் என்றும் இருந்தது.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். பிப்ரவரி 14. அதற்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணி ஆகப் போகும்போது ஊரிலுள்ள சர்ச் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டை ஓட்டுப் பையன்தான் சொன்னான், 1945-ல் அதே ராத்திரிதான் இந்த ஊர் மேல் குண்டு போட்டார்களாம், வருஷா வருஷம் அந்த நேரத்துக்கு மணி அடிப்பார்களாம். ஜனவரியில்கூட அந்தப் பாலத்தடியில் ஒரு பழைய குண்டு கிடைத்து, சுற்றியிருந்த ஜனங்களை வெளியேற்றினார்கள். உனக்குச் சொல்லவில்லை, பயப்படுவாய் என்று. மணி ஓயும்வரை புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். அதனால் பெயிலானேன் என்று சொல்ல ஆசைதான்.

உண்மைக் காரணம் நேற்றுத் தெரிந்தது. இங்கே திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்கலாம், அதற்கென்று ஒரு நாள் வைக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, முப்பதுகூட இருக்காது, என் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மார்ஜின் போட்டு, விடைக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தேன். பிள்ளைகளுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் கேள்வியில் சூத்திரம் சரி, விடையும் சரி. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வார்த்தை: 'வோஹேர்?' எங்கிருந்து என்று அர்த்தம். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எட்டு மார்க்கில் இரண்டு. இப்படியே நாலு இடத்தில் வோஹேர்.

அந்தப் பெண் கண்டிக்கவில்லை. "நீங்கள் இதை எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். பத்தொன்பது என்றேன். "அதனால்தான்" என்றாள். என்ன சொல்கிறாள் என்று டிராமில் பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது. கோபமும் வந்தது, இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

இங்கே அரியரை உங்களைப் போல வருஷக்கணக்கில் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. இன்னும் இரண்டு வாய்ப்பு. மூன்றாவது தடவையும் போனால் பேரை எடுத்துவிடுவார்கள். ஜெர்மனியில் வேறெங்கும் இதே படிப்பில் சேரவும் முடியாது. இதை அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆச்சிக்குத் தெரிய வேண்டாம், கோயில் கோயிலாக நேர்ந்துகொள்ள ஆரம்பித்துவிடுவாள்.

எனக்கு மறுபரீட்சை ஜூலைக் கடைசியில். உனக்கு அரியர் பரீட்சை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன், உனக்கு இஷ்டமிருந்தால் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்கு வீடியோ காலைப் போட்டு போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவோம். பேச வேண்டாம். நீ உன் ஃபூரியர் சீரீஸைப் போடு, நான் என் டென்சரைப் போடுகிறேன். நடுவில் நான் "சாப்பிட்டாயா" என்று ஒரு தடவை கேட்பேன், அதை மட்டும் பொறுத்துக்கொள். உன் பார்ஷியல் டிஃபரன்ஷியல் நோட்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்பு, எனக்கு அது வேண்டும். அதில் நான் நிறைய மறந்துபோயிருக்கிறேன். கையெழுத்து எப்படி இருந்தாலும் திட்டமாட்டேன்.

இந்த ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதனால் உனக்கு எட்டரை என்றால் எனக்கு நாலு மணி இல்லை, ஐந்து மணி. பழைய கணக்கில் கூப்பிட்டுவிட்டு அம்மா எடுக்கவில்லை என்று நினைக்காதே.

அன்புடன்,
அம்மா