விம்மில் மாட்டிக்கொண்ட நண்பனுக்கு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மச்சான்,

உன் குரல்பதிவை எம்ஆர்டி ரயிலில் வரும்போது கேட்டேன். பெர்த்தில் புது வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் சர்வரில் கோப்புகளைத் திருத்த விம் (Vim) தவிர வேறு எடிட்டர் இல்லை, உள்ளே போனால் வெளியே வரத் தெரியவில்லை என்று நீ புலம்பிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆண்ட்டி ஒரு மாதிரி பார்த்தார்.

முதலில் வெளியே வரும் வழி. எஸ்கேப்பைத் தட்டு. அப்புறம் கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் விட்டுவிடும். சேமித்துவிட்டு வர கோலன், டபிள்யூ, கியூ, என்டர். சரி, உயிர் பிழைத்தாய்.

தட்டினால் எழுத்து விழ வேண்டும் என்று நீ எதிர்பார்க்கிறாய், அங்கேதான் சிக்கல். நாம் தேசிய சேவையில் இருந்தபோது அணிவகுப்புத் திடலில் காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் கட்டளை, கேன்டீனுக்குப் போனால் அதே வாய் ஊர்க்கதை பேசும். விம்மைத் திறந்ததும் நீ திடலில் நிற்கிறாய். ஐ தட்டினால்தான் கேன்டீன். எஸ்கேப் அடித்தால் மறுபடி திடல். ஏன் இப்படி என்றால், உன் வேலையையே பார். புதிதாக நீ எழுதுவது எத்தனை வரி? ஏற்கெனவே இருக்கும் கோப்பில் ஒரு போர்ட் எண்ணையோ ஐபி முகவரியையோ தேடிப்பிடித்து மாற்றுவதுதானே அதிகம். அதனால் நகர்வதும் திருத்துவதும்தான் அங்கே இயல்பு நிலை, எழுதுவது இடையில் வந்துபோகும் வேலை.

இதெல்லாம் பழைய கதை. பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லியில் விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினலில், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியில், அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் சாவிகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. இடது, கீழ், மேல், வலது என்ற வரிசை அப்படி வந்ததுதான். எஸ்கேப்பும் இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது அது மூலைக்குப் போய்விட்டதால் நான் கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்பைத் தட்டுகிறேன், இரண்டும் ஒன்றுதான்.

அம்புச்சாவியைத் தொட்டாலே பாவம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. திடலில் நிற்கும்போது அம்பை அழுத்தினால் ஒன்றும் குடிமுழுகாது. ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து போவதை விட்டால் போதும். டபிள்யூ ஒரு சொல் தாண்டும். 0 வரியின் தொடக்கம், $ வரியின் முடிவு. ஜி இரண்டு முறை தட்டினால் கோப்பின் தலை, ஷிஃப்டோடு ஒரு முறை தட்டினால் வால். பிழைச்செய்தி 142ஆம் வரி என்றால் 142 தட்டி ஷிஃப்ட் ஜி. சாய்கோடு போட்டுத் தேடு, அடுத்த இடத்துக்கு என் (n) சாவி. அடைப்புக்குறியின் மேல் நின்று % தட்டினால் அதன் ஜோடிக்குத் தாவும். அடைப்புக்குள் அடைப்பாக இருக்கும் உன் கான்ஃபிக் கோப்புகளுக்கு அது ஒன்றே பெரிய உபகாரம்.

திருத்துவதற்கு வருவோம். டிலீட்டுக்கு டி, மாற்றுவதற்கு சி, நகலெடுக்க ஒய். இவற்றுக்குப் பின்னால் எதுவரை என்று சொன்னால் போதும். டியும் டபிள்யூவும் சேர்ந்தால் ஒரு சொல் போகும், டியும் $உம் சேர்ந்தால் வரியின் மிச்சம் போகும், டி இரண்டு முறை என்றால் முழு வரியும். எனக்கு உயிரான கட்டளை சி, ஐ, இரட்டை மேற்கோள். கர்சர் மேற்கோளுக்குள் எங்கே இருந்தாலும் சரி, உள்ளே இருப்பது முழுவதும் அழிந்து, புதியதை எழுதத் தயாராக நிற்கும். மேற்கோளுக்குப் பதில் அடைப்புக்குறி, ஒரு சொல்லுக்கு டபிள்யூ. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அடுத்தது புள்ளி. கடைசியாகச் செய்த திருத்தத்தை அது அப்படியே மறுபடி செய்யும். பழைய யூசர் பெயர் கோப்பில் பல இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் மட்டும் மாற்ற வேண்டும் என்று வை. அதன் மேல் நின்று நட்சத்திரக்குறி, அடுத்த இடத்துக்குப் போகும். சி, ஐ, டபிள்யூ, புதுப் பெயர், எஸ்கேப். அதன்பின் என் (n) சாவியைத் தட்டிப் பார், வேண்டுமானால் புள்ளி, வேண்டாமென்றால் மறுபடி அதே சாவி. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றவும் வழி உண்டுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கண்ணால் பார்க்காமல் மாற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தப்பிப் போனால் யூ தட்டினால் பழைய நிலை, கன்ட்ரோல் ஆர் தட்டினால் மறுபடி புது நிலை. ஒரு முறை உள்ளே போய் எஸ்கேப் அடிக்கும்வரை எழுதியது முழுவதும் ஒரே யூவில் போய்விடும், அதனால் ஒரு பத்தி முடிந்ததும் எஸ்கேப் அடித்துப் பழகு.

நம் குடியிருப்பாளர் குழுவின் தமிழ்ச் செய்திமடலையும் நான் இதில்தான் அடிக்கிறேன். சிரிக்காதே. கணினியின் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், எஸ்கேப் அடித்த பிறகும் ஜேயும் கேயும் தமிழாகவே போகும், கட்டளை எதுவும் நடக்காது. அதற்கு விம்முக்குள்ளேயே கீமேப் என்று, எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கிறது. எழுதும்போது மட்டும் தமிழ், திடலுக்கு வந்ததும் தானாக ஆங்கிலம். எஃப் தட்டி ஒரு எழுத்துக்குத் தாவும்போதுகூட அந்த எழுத்தைத் தமிழில் கேட்கும், அது எனக்கு மிகவும் பிடித்தது. விம்மோடு கூடவே வரும் தமிழ் கீமேப் யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியாக்கத்துக்கானது என்பதால் சொந்தமாக ஒன்று எழுதிக்கொண்டேன். 216 உயிர்மெய்க்கும் தலா ஒரு வரி, கிரந்தம் தனி. உட்கார்ந்து அடிக்க முடியாது, சின்ன ஸ்கிரிப்ட் போட்டு உருவாக்கினேன்.

விம்மை 1991இல் வெளியிட்ட பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, முடிந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டவர். கோப்புப் பெயர் எதுவும் கொடுக்காமல் விம்மைத் திறந்தால் முகப்பிலேயே அந்த வரி அடிக்கடி தென்படும், பார்.

உன் லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் விம்டியூட்டர் (vimtutor) என்று தட்டு. அரை மணி நேரப் பாடம், கோப்பிலேயே திருத்தித் திருத்திப் படிக்கலாம். தட்டியவற்றைப் பதிந்து மறுபடி ஓட்டும் மேக்ரோவைப் பற்றி எழுத நினைத்தேன், கடிதத்தில் சொன்னால் குழப்பும். தீபாவளிக்கு வரும்போது லேப்டாப்பையும் எடுத்து வா, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நேரில் காட்டுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உனக்கு முறுக்கு சுட வேண்டுமா என்று இப்போதே கேட்கிறார். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்